அப்பா விழுந்து விழுந்து ஓட்டிய பந்தயம்

நாற்பதைத் தாண்டி, ஐம்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். இளையவர்களிடம் சொன்னால், 'மொத்தமே ஒரு டிஸ்க்தானா?' என்று கேட்டு அந்த இடத்திலேயே இரங்கல் தெரிவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மூத்தவர்களிடம் சொன்னால், வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது பிள்ளைகளைக் கெடுக்கவில்லை. நாங்கள் ஏற்கெனவே கெட்டிருந்தோம். அது கெடுத்தது, முழுதாக வளர்ந்து, மீசை வைத்து, ஓட்டுநர் உரிமமும் வைத்திருந்த ஓர் ஆளை. கெடுத்துவிட்டது என்றுதான் அன்று எல்லோரும் சொன்னார்கள்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்தில் நடக்கும் பந்தயம் அது. மீன்கொத்தி மாதிரி மூக்கு நீண்ட வண்டிகள். எதற்கும் சக்கரம் கிடையாது. தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்துகொண்டே பறக்கும். முன்னால் போகிறவன் மேல் ஏவுகணை விடலாம். பின்னால் வருகிறவனுக்குக் கண்ணிவெடியை இறைத்துவிட்டுப் போகலாம். அதாவது, இன்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதுதான், கொஞ்சம் வேகமாக. சாலையில் குழி இருந்தால் கவலையில்லை, வண்டி தரையைத் தொடாது. எங்கள் மலைப்பாதைகளைப் போட்டவர்கள் இப்படியொரு எதிர்காலத்தை நம்பித்தான் போட்டிருக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் சந்தேகம்.

மூணாறிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற சாலையில் பாதி வழியில் பிரிந்து இறங்கும் எஸ்டேட் ரோட்டின் முடிவில், தேயிலை ஃபாக்டரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா எஸ்டேட் ஜீப் டிரைவர் என்பதால் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை விட ஓர் அறை கூடுதலாக, டிரைவர் குவார்ட்டர்ஸ் என்ற பெயரில் கொடுத்திருந்தார்கள். கூரை தகரம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் வீட்டுக்குள் யாரும் யாரிடமும் பேச முடியாது. சண்டை போட வேண்டுமென்றால்கூட மழை விடும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதிச் சண்டை ஆறிப்போயிருக்கும். எங்கள் மலையில் குடும்பங்கள் நிலைத்து நின்றதற்கு எங்கள் சபை உபதேசியாரின் ஜெபம் பாதிக் காரணம் என்றால், தகரம் மீதிக் காரணம்.

அந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம், மழையின் தொடக்கத்தில்தான் அப்பா ஜீப்போடு சரிந்தார்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. ஏறி வருகிறவனுக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். அதனால் இறங்குகிறவன் ஓரம் கட்டி, நின்று, அவனை அனுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். ஓரம் என்பது சுவர்ப் பக்கமாக இருந்தால் அது அவன் அதிர்ஷ்டம். அன்று அப்பாவுக்கு வாய்த்தது பள்ளத்துப் பக்கம். பனிமூட்டத்தில் விறகு ஏற்றிய லாரி ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வந்தது. அப்பா சட்டப்படி ஓரம் கட்டி நின்றார். ஊறிப்போன மண் பின்சக்கரத்துக்குக் கீழே உதிர்ந்தது. ஜீப் புரளவில்லை, பறக்கவில்லை. வயதானவர் நாற்காலியில் உட்காருவதுபோல மெதுவாகச் சாய்ந்து, சரிந்து, கீழே தேயிலைச் செடிகளில் போய் மாட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்துச் செடிகள். அடிமரம் ஒவ்வொன்றும் கணுக்கால் பருமன் இருக்கும். அவைதான் பிடித்து நிறுத்தின.

ஜீப்பின் பின்னால் தூரத்து மலைக்குக் கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் சிராய்ப்பு. ஒருத்திக்கு மட்டும் தோள்பட்டை எலும்பில் விரிசல் விழுந்தது. அது அம்மா.

எஸ்டேட்டில் யாரும் அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை என்று இப்போது தோன்றுகிறது. தப்புச் செய்து விழுந்தவன், இனி அந்தத் தப்பைச் செய்யமாட்டேன் என்று எழுந்து போய்விடலாம். அப்பா செய்தது சரி. சரியாகச் செய்து விழுந்தவன் அடுத்த முறை எதை மாற்றிச் செய்வான்? ஜீப்பைச் செடிகளுக்குள்ளிருந்து இழுத்து, நெளிவு எடுத்து, ஃபாக்டரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்பா போய் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். பிறகு இறங்கி வந்து, முதுகு பிடித்துக்கொண்டது என்றார். அந்த முதுகுவலி மழைக்காலம் முழுக்க நீடித்தது.

வீட்டில் அந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. அம்மா கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டபடி ஒற்றைக் கையால் சோறு வடித்தாள். அப்பா அடுப்புக்கு மேலே கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டது எனக்கும் அக்காவுக்கும் பயமாக இருந்தது.

இதில் வீடும் மாட்டியிருந்தது. எஸ்டேட்டில் வீடு வேலையோடு ஒட்டியது. அம்மா தற்காலிகத் தொழிலாளி; கொழுந்து அதிகம் வருகிற மாதங்களில் மட்டும் கூப்பிடுவார்கள். குவார்ட்டர்ஸ் அப்பா பேரில், அதுவும் ஜீப் ஓட்டுகிற அப்பா பேரில். எஸ்டேட் ஆபீஸின் பெரிய கிளார்க் ஒருநாள் குடையோடு வந்து நின்று, தமிழும் மலையாளமுமாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது குடையை மடக்கி மடக்கி விரிப்பார்.

"நான் எந்து செய்யும் டிரைவரே? மேனேஜருக்கு ஜீப் ஓடணும். மழை தீரும்வரை நோக்காம். அது கழிஞ்சா போடியிலிருந்து வேற ஆளு வரும். அவனுக்கும் வீடு வேணுமல்லோ."

மழை முடிவதற்குள் அப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் மலையிறங்கி, போடியில் அத்தை வீட்டு ஏலக்காய்க் கடையின் பின்கட்டில் ஒண்ட வேண்டும். அக்காவுக்கு அது பத்தாம் வகுப்பு. எனக்கு எந்த வகுப்பு என்பதை என் அன்றைய மதிப்பெண்களை நினைத்துச் சொல்லாமல் விடுகிறேன்.

இந்த நேரத்தில்தான் பட்லர் பெரியப்பா அந்தப் பெட்டியோடு வந்தார். அவர் எங்களுக்கு உறவில்லை. மேனேஜர் பங்களாவில் சமையல். பழைய மேனேஜர் குடும்பம் மாற்றலாகிப் போனபோது, அவர்கள் பையன் தன் விளையாட்டுப் பெட்டியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அது என்னவென்று இவருக்குத் தெரியாது. கேட்பது பட்லர் கௌரவத்துக்கு இழுக்கு. சாம்பல் நிறப் பெட்டி, பட்டனை அமுக்கினால் மேல்மூடி எழும்பும், உள்ளே வட்டமாக ஒரு குழி. அதில் அவர் கொட்டைப்பாக்கு வைத்திருந்தார். மூடி பட்டென்று திறப்பதை விருந்தாளிகளுக்குக் காட்டுவதும் உண்டு. அக்காதான் அதைப் பார்த்துவிட்டு, பெரியப்பா இதற்கு டிவி வேண்டும் என்றாள். டிவி எங்கள் வீட்டில் இருந்தது. பாக்கைக் கொட்டிவிட்டு, தூளை ஊதிவிட்டு, கூடவே இருந்த அந்த ஒரே டிஸ்கை வைத்தோம். பாக்கு வாசனையோடு எதிர்காலம் தொடங்கியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாயங்காலங்கள் மாறிப்போயின. வெளியே அட்டைப்பூச்சியும் சேறும். உள்ளே நியான் வெளிச்சத்தில் மின்னும் நகரங்கள், அவற்றுக்கு மேலே முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றிச் சுற்றிப் போகும் சாலை. ஃபாக்டரியில் இலை நசுக்கும் உருளைகளை ஓட்டிவிட்டால் வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசரின் முள் நடுங்கும், டிவி படம் நான்கு பக்கமும் சுருங்கி எதிர்காலம் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். கரண்டு போனால் ஆடியதெல்லாம் அழிந்து முதல் பந்தயத்திலிருந்து மறுபடி. அக்கா முதலாவதாக வருவாள். பட்லர் பெரியப்பா யாரைச் சுட்டாலும் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்பார். நான் பெரும்பாலும் சுவரில் உராய்ந்துகொண்டே போய் வெடிப்பேன். இன்று என் காரின் இடப்பக்கத்தைப் பார்த்தவர்கள் நான் பழக்கத்தை விடவில்லை என்பதை அறிவார்கள்.

அப்பா மூலையில் உட்கார்ந்து பார்ப்பார். ஒருநாள் பெரியப்பா ரிமோட்டை அவர் மடியில் போட்டார். கண்ட்ரோலர் என்ற சொல் எங்களுக்கு வந்து சேராத காலம்.

"ஏலே டிரைவரே, இது ஜீப் இல்லப்பா. ரெண்டு பட்டனு. விழுந்தா பல்லு போகாது, பிடிச்சுப் பாரு."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவர் மனதிலும் ஒரே திட்டம். இதில் ஓட்டி ஜெயித்தால் அப்பாவுக்குத் தைரியம் வந்துவிடும், தைரியம் வந்தால் ஜீப், ஜீப் வந்தால் வீடு. பிள்ளைகளின் தர்க்கம் அப்படித்தான், அதில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகாது.

அப்பா கேட்ட முதல் கேள்வி, ஹாரன் எது என்பது. ஹாரன் இல்லை, இந்த வட்டப் பட்டனை அமுக்கினால் ஒரு சத்தம் வரும் என்று அக்கா அவசரத்தில் சொல்லிவிட்டாள். மலை டிரைவர் வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்புவதும் கோவிலுக்குள் செருப்போடு போவதும் ஒன்று. அப்பா முதல் வளைவில் பட்டனை அமுக்கினார். ஏவுகணை கிளம்பிப் போய் முன்னால் மிதந்துகொண்டிருந்தவனைத் தூள் தூளாக்கியது. அடுத்த வளைவில் இன்னொருவன்.

"அவனுக்கு என்னாச்சு?"

"செத்துட்டான்ப்பா. நல்லதுதான், நீங்க முன்னாடி போயிட்டீங்க."

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். "நான் ஹாரன்தானடி அடிச்சேன்" என்றார், சாட்சி சொல்வதுபோல.

கொல்லாமலும் ஓட்டலாம் என்று நாங்கள் கெஞ்சிய பிறகுதான் மறுபடி எடுத்தார். இந்த முறை வேறு சிக்கல். பின்னால் வண்டிகள் நெருங்கி வந்தபோதெல்லாம் அவர் ஒதுங்கி வழி விட்டார். ஏன்ப்பா என்று அலறினோம். இவ்வளவு அவசரமாகப் போகிறான், ஆஸ்பத்திரி கேஸாக இருக்கும் என்றார். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் வழி விட்டுக் கடைசியாக ஊர்ந்துகொண்டிருந்தார். அப்படியே ஊர்ந்து, விளிம்பில் தடுப்பு இல்லாத ஒரு பாதைக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் பின்னால் ஒருவன் வந்தான். அங்கேயும் அப்பா ஓரம் கட்டினார். வண்டி விளிம்பைத் தாண்டியது.

திரை கறுத்தது. கீழே, வெகு ஆழத்தில், நகரத்தின் விளக்குகள். வண்டி அவற்றை நோக்கி இறங்கிக்கொண்டே போனது. அக்கா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த விளையாட்டில் எல்லோருக்கும் நடப்பதுதான், மேலேயிருந்து குட்டி விமானம் ஒன்று இறங்கி வந்து, நீல வெளிச்சத்தால் வண்டியைப் பற்றித் தூக்கி, மறுபடி சாலை நடுவில் வைத்துவிட்டுப் போனது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா திரையில் விமானம் போன பக்கத்தைக் காட்டினார்.

"இது யாரு?"

"தெரியாதுப்பா. விழுந்தா தூக்கி வைப்பான்."

"எத்தன தடவ விழுந்தாலுமா?"

"எத்தன தடவன்னாலும். நேரம்தான் வேஸ்ட்டு."

அப்பா வண்டியைத் திருப்பினார். ஓரத்துக்குக் கொண்டுபோனார். வேண்டுமென்றே விழுந்தார்.

அதன் பிறகு அவர் பந்தயம் ஓட்டவே இல்லை. நாங்கள் பள்ளிவிட்டு நனைந்துகொண்டு வரும்போது அப்பா தனியாக உட்கார்ந்து விழுந்துகொண்டிருப்பார். வேகமாகப் போய் விழுவார். நின்று, மெதுவாக நகர்ந்து விழுவார். பின்னோக்கி வந்து, பின்சக்கரம் இருக்கவேண்டிய இடம் விளிம்பைத் தாண்டுகிறவரை ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்துவார். 'இது சாயவே மாட்டேங்குது, மொத்தமாப் போயிடுது' என்று குறைப்பட்டுக்கொள்வார். அந்தக் குறை அன்று எங்களுக்குப் புரியவில்லை. என் அப்பா எல்லாப் பந்தயங்களையும் முடித்து எதிர்காலத்தின் சாம்பியன் ஆகப்போகிறார் என்று நான் வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். நேரில் பார்க்க வந்த ஒரு நண்பன் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, உங்கப்பாவுக்கு விளையாட்டுத் தெரியலையே என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று பட்லர் பெரியப்பா பங்களாவிலிருந்து பிராந்தி கலந்த இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்து, பாதியைத் தானே சோதித்துப் பார்த்தார். உபதேசியார் வந்து, இயந்திரத்தின் மேல் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்தவர், நடுவில் கண் திறந்தபோது திரையில் அந்தக் குட்டி விமானம் இறங்கி வண்டியைத் தூக்குவதைப் பார்த்தார். ஜெபம் சுருக்கமாக முடிந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் மேலிருந்து வரும் நீல ஒளியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. சபையில் எங்களைத் தவிர யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அம்மா பல நாள் பொறுத்துப் பார்த்தாள். கைக்கட்டு அவிழ்த்த வாரம், ஒரு சாயங்காலம், அடுக்களையிலிருந்து வந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது, கேட்கவில்லை. அப்பாவும் கையைக் காட்டி ஏதோ சொன்னார். இப்படி இருவரும் ஊமைப்படம்போல் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் மழை சட்டென்று விட்டது. வீடு முழுக்க அம்மாவின் குரல்.

"என்னையும் சேத்துத் தள்ளுனது போதாதா? இன்னும் எத்தன தடவ விழணும் உங்களுக்கு?"

அவள் இவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைத்திருக்கமாட்டாள். மழையை நம்பித்தான் அந்தச் சத்தம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூரையிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

அப்பா தலைகுனிந்தபடி, "இதுல தூக்கி வைக்கிறான், புள்ள" என்றார்.

அம்மா பிளக்கைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு அதைச் சுவரில் மாட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க, காட்டுங்க."

அப்பா விழுந்து காட்டினார். அம்மா வண்டி இறங்குவதைப் பார்த்தாள், தூக்கி வைக்கப்படுவதைப் பார்த்தாள். இன்னொரு தடவை என்றாள்.

"அன்னிக்கு இப்படியா போச்சு?"

"இல்ல. மெதுவா. உக்கார்ற மாதிரி."

"எனக்கு ஞாபகமே இல்லங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன்." கொஞ்சம் கழித்துக் கேட்டாள். "நீங்க?"

"நான் மூடல. கண்ணாடியில உன்னயே பாத்துக்கிட்டிருந்தேன். கீழ போற வரைக்கும்."

திரையில் வண்டி அடுத்த உத்தரவுக்காக மிதந்துகொண்டிருந்தது. நானும் அக்காவும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தோம்.

"குடுங்க இங்க" என்றாள் அம்மா. "நான் ஒருக்க விழுறேன்."

கொழுந்து கிள்ளுகிற கை. அப்பா ஒரு வாரம் தடவிக் கற்றதை நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. தலைதெறிக்கும் வேகத்தில் நேராகப் போய், முன்னாலிருந்த இருவரையும் இடித்துத் தள்ளி, கூடவே விழுந்தாள். விழும்போது 'யேசப்பா' என்று கத்தினாள். தூக்கி வைத்ததும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அப்பா சிரித்தார். பிறகு ஆளுக்கொரு தடவை என்று முறை வைத்துக்கொண்டார்கள். சோறு குழைந்த வாசனை வந்தது, யாரும் எழவில்லை. நியாயமாக எங்களுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உண்மையில் நானும் அக்காவும் கடுப்பில் இருந்தோம். ஒரே டிஸ்க், அதையும் இரண்டு பெரியவர்கள் தோற்பதற்காகவே தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்க் தேய்வதற்கு முன் பூத்துவிட்டது. அந்த மழையில் எங்கள் ஊரில் பூக்காத பொருள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போடும் ஷூ, பெல்ட், அப்பாவின் மரப்பெட்டி எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை. டிஸ்கிலும் சுழல்சுழலாகப் படிந்தது. தேங்காயெண்ணெய், பக்கத்து வீட்டு விபூதி, பெரியப்பாவின் வெள்ளி துடைக்கும் பவுடர் என்று ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்து மிச்ச உயிரையும் எடுத்தோம். கடைசியாக அது ஓடிய சாயங்காலம் அப்பாவின் முறை. வண்டி விளிம்பைத் தாண்டி இறங்கியது. பாதியில் படம் உறைந்தது. வண்டி அந்தரத்தில் தொங்கியது, கீழே விளக்குகள், மேலேயிருந்து யாரும் வரவில்லை. பெரியப்பா பெட்டியைத் தட்டினார். நான் டிவியைத் தட்டினேன். அசையவில்லை.

அப்பா ரிமோட்டின் வயரைச் சுருட்டிக்கொண்டே, "அந்த ஆளுக்கும் லீவு வேணும்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. தூக்கி வைக்கிறவன் இல்லாமல் அப்பா இனி எப்படி என்று நினைத்தேன்.

மழை வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெரிய கிளார்க் மறுபடி குடையோடு வந்தார். எஸ்டேட்டின் அடிவாரப் பகுதியான கீழ் டிவிஷனுக்கு ஜீப் போய் வர வேண்டும் என்றார். காலியாக அல்ல, ஆள் ஏற்றிக்கொண்டு. ஓட்டினால் சாவி அப்பாவிடமே இருக்கும். இல்லையென்றால் போடிக்காரனுக்குச் சொல்லிவிடலாம். குடை விரிந்தது, மடங்கியது.

மறுநாள் காலை அப்பா ஜீப்பில் ஏறி, வெகுநேரம் உட்கார்ந்து, கிளப்பினார். வண்டி உறுமியபோது ஃபாக்டரி வாசலில் ஒரு கூட்டமே இருந்தது. ஆனால் ஏற ஆள் இல்லை. வழக்கமாக ஜீப்புக்கு அடித்துக்கொள்ளும் பெண்கள், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று பேசிக்கொண்டார்கள். பெரிய கிளார்க்குக்கு ஆபீஸில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. பட்லர் பெரியப்பா மஃப்ளரை இறுக்கிக் கட்டி, தைரியமாக ஒரு காலை ஜீப்பில் வைத்தார். அப்புறம் அடுப்பில் பால் இருக்கிறது என்று காலை எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பங்களாப் பால் பொங்கினால் பொறுப்பு அவருடையது.

அம்மா வந்தாள். வேலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைச் சுற்றியிருந்தாள். வழக்கமாக உட்காரும் பின்பலகைக்குப் போகவில்லை. முன்னால், அப்பாவுக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கீழே இறங்கும்போது பள்ளம் அந்தப் பக்கம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நானும் அக்காவும் பின்னால் தொற்றிக்கொண்டோம், யாரும் எங்களைத் தடுக்கவில்லை. எங்களை யாரும் கவனிக்கவும் இல்லை.

அப்பா நடந்துபோவதைவிட மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார், யாரும் சாகவில்லை. பனி கண்ணாடியில் ஒட்டி ஒட்டி வழிந்தது. அந்த வளைவுக்கு நாங்கள் வந்தபோது, செடிகள் முறிந்த இடம் இன்னும் ஆறாமல் கீழே தெரிந்தது. அங்கேதான், வேறெங்கே, கொழுந்துச் சாக்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே ஏறி வந்தது.

அப்பா பிரேக்கை மிதித்தார். ஜீப் நடுவழியில் நின்றது. டிராக்டரும் நின்றது. அந்த டிரைவருக்கு எதிரே இருப்பது யார், இது எந்த இடம் என்று தெரியும். அவன் ஹாரன் அடிக்கவில்லை. ஏற்றத்தில் நின்ற வண்டியின் எஞ்சின் மட்டும் திணறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கை ரிவர்ஸ் கியர் பக்கம் போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். திரும்பிவிடுவோம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நானே சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன்.

அம்மா பக்கவாட்டுத் தார்ப்பாயை விலக்கி, இடுப்புவரை வெளியே சாய்ந்து, கீழே பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. பிறகு உள்ளே வந்து, நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் ஒரு முழம் ஓரமாப் போகலாம். இடம் இருக்கு."

"மண்ணு?"

"கல்லு போட்டுக் கட்டியிருக்காங்க. பாத்துட்டுத்தான் சொல்றேன். போங்க."

அப்பா போனார். அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாக, பள்ளத்தை நோக்கி, ஒவ்வொரு விரற்கடையாக. இடச்சக்கரம் கல்லின் மேல் ஏறி நிற்பதை உட்காரும் பலகை வழியாக நான் உணர்ந்தேன். டிராக்டர் மறுபடி முக்கி, எங்களை உரசுகிறாற்போல ஏறிப் போனது. அதன் பச்சை இலை வாசனை ஜீப்புக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

அதற்குப் பின் நடந்தவை சுருக்கமானவை. சாவி அப்பாவிடமே இருந்தது. ஓய்வு பெறும்வரை அந்த ஜீப்பையும், அது செத்த பிறகு வந்த ஜீப்பையும் அவர்தான் ஓட்டினார். அந்தத் தகரக் கூரையின் கீழேதான் அக்கா பத்தாவது எழுதினாள், நானும் பின்னாலேயே உராய்ந்துகொண்டு எழுதினேன். அன்று கீழ் டிவிஷனுக்குப் போனோமா, என்ன ஏற்றி வந்தோம் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. நினைவிருப்பது டிராக்டர் போன பிறகு நடந்தது.

வழி காலியாகிவிட்டது. அப்பா வண்டியை எடுக்கவில்லை.

"போலாம்லங்க?" என்றாள் அம்மா.

"இரு புள்ள. கொஞ்ச நேரம் நிப்போம்."

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். பள்ளத்தின் விளிம்பில், அந்தக் கல்லின் மேலேயே. கீழே பார்க்க ஒன்றுமில்லை, பனிதான். நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.